அரை நொடி இழுவை

இளம்பரிதியை அணியிலிருந்து கழற்றிவிடுவது என்று வெள்ளிக்கிழமை முடிவாகிவிட்டது. முடிவெடுத்தவள் திலகவதி. கேப்டன் அவள்தான் என்பதால் அதை அவனிடம் சொல்லும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது.

திலகவதிக்குப் பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. பகல் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். நூல் சுற்றும் கதிர்கள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்துகிறபோது நாலு வசவும் சேர்ந்தே வரும். அதை அங்கே யாரும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. அவள் திட்டாத நாளில்தான், "அக்காவுக்கு ஒடம்புக்கு முடியலையாட்ட இருக்குது" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

ஞாயிறு மாலையானால் இதே திலகவதி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யானையாகிவிடுவாள். 'நாற்படை' என்கிற அந்த இணைய விளையாட்டில் அணிக்கு நாலு பேர். யானை எதிரிக் கோட்டையின் கதவை உடைக்கும். குதிரை முன்னால் ஓடி வேவு பார்க்கும். காலாள் பின்பக்கம் காவல் நிற்கும். தேர் இந்த மூவருக்கும் மருந்தும் ஆயுதமும் கொண்டுபோய்ச் சேர்க்கும். தேர் எதிரிக் கோட்டைக்குள் நுழைந்துவிட்டால் வெற்றி. நாலு பேரும் நாலு ஊரில் இருந்து ஆடுவதால் பேசிப் பேசித்தான் ஜெயிக்க வேண்டும்.

அந்தப் பேச்சு ஒரு காலத்தில் சாக்கடையாக நாறிக்கொண்டிருந்தது. தோற்றவன், தன்னோடு ஆடியவனின் பரம்பரையையே இழுப்பான். பெண் குரல் கேட்டுவிட்டால் போதும், கேட்கவே வேண்டாம். புகார்மேல் புகார் போய்க் கடைசியில் ஒரு சட்டம் வந்தது. குழுவாக ஆடும் எந்த விளையாட்டிலும் பேச்சு 'இதமி' வழியாகத்தான் போக வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

இதமி ஒரு மென்பொருள். பேசுகிறவரின் குரலை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் பக்குவப்படுத்தி அனுப்பும். "கண்ணு அவிஞ்சு போச்சாடா நாயே, எடப்பக்கம் வர்றான் பாரு" என்று இங்கே கத்தினால், அங்கே "இடப்பக்கம் வர்றாங்க, கொஞ்சம் பாருங்க" என்று போய் விழும். உள்ளே போன சொல் எங்கேயும் பதிவாவது கிடையாது. அதையும் சட்டமே சொல்லிவிட்டது. முதல் வருஷம் சொர்க்கமாக இருந்தது. பெண்கள் சாரி சாரியாக ஆட வந்தது அதற்குப் பிறகுதான். திலகவதியைப் போன்ற வாய்க்காரிகளுக்கோ இரட்டிப்பு சந்தோஷம். மில்லில் திட்டுவது போலவே திட்டலாம், ஒருத்தர் மனமும் நோகாது.

பிறகு எவனோ ஒரு புண்ணியவான் அந்த அரை நொடியைக் கண்டுபிடித்தான்.

ஒருவர் பேசத் தொடங்கியதும் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். ஒழுங்கான பேச்சு என்றால் புள்ளி எரிந்த கையோடு குரலும் வந்துவிடும். இதமி கைவைத்த பேச்சு அரை நொடி பிந்தி வரும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தாமதத்துக்கு ஆட்டக்காரர்கள் 'இழுவை' என்று பெயர் வைத்தார்கள். இழுவையோடு வரும் "பரவாயில்லைங்க"வுக்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துபோயிற்று. என்ன திட்டினார்கள் என்பதுதான் தெரியாது. தெரியாததை மனசு சும்மா விடுமா? இருப்பதிலேயே படுமோசமான வசவாகப் பார்த்து அதுவே இட்டு நிரப்பிக்கொண்டது. ஈரோட்டுப் பக்கம் நிச்சயமான ஒரு கல்யாணமே நின்றுபோனதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை சொன்ன "சூப்பர்மா" இழுவையோடு வந்ததாம்.

இப்போது இளம்பரிதிக்கு வருவோம். நன்னிலத்தில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். ஆறு மாதம் முன்பு தேராக அணியில் சேர்ந்தான். கெட்டிக்காரன். மருந்து தேவை என்று கேட்பதற்குள் மருந்து வந்து நிற்கும். ஆனால் அவன் வாயைத் திறந்தால் இழுவை. ஒன்றிரண்டு முறை அல்ல, ஒவ்வொரு முறையும். ஆட்டத்தில் பேசினாலும் இழுவை, ஆட்டம் முடிந்து "போயிட்டு வர்றேன்" என்றாலும் இழுவை. திலகவதியின் பிறந்த நாளுக்கு அவன் சொன்ன வாழ்த்தும் இழுவையோடுதான் வந்தது. வாழ்த்துச் சொல்கிற சாக்கில் ஒருத்தன் என்னதான் திட்டியிருப்பான் என்று அவள் இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாளிலிருந்து அவனைத் தாராளமாகத் திட்டத் தொடங்கினாள். இதமி இருக்கிறது, பார்த்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து அவன் கிளம்பிய பிறகு மற்ற மூவரும் தங்கினார்கள். குதிரையாக ஆடும் ரெக்சன்தான் ஆரம்பித்தான். தூத்துக்குடியில் ஐஸ் ஃபாக்டரி ஒன்றில் மெக்கானிக்.

"எக்கா, இன்னைக்கு நான் நல்லாத்தான ஆடுனேன்? 'நல்லா ஆடுனீங்க ரெக்சன்'னு சொல்லுதான், அதும் இழுவையோட. உள்ளுக்குள்ள என்னத்தச் சொன்னானோ. இவன் இருந்தா ஞாயித்துக்கிழமை நான் ஆட மாட்டேன்க்கா."

"அவர் சொல்ற தகவல் எல்லாம் சரியாத்தானே இருக்குது" என்றாள் ஷமீமா. ஆம்பூரில் செருப்புக்கு டிசைன் போடுகிறவள், காலாள். எதையும் பதறாமல் பார்ப்பாள்.

"தகவல் சரிதான். தகவலுக்கு ஒரு திட்டு இனாமாக் குடுக்கான்லா."

ஞாயிற்றுக்கிழமை மாநில லீக்கின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவில் நீடிக்கலாம். தோற்றால் கீழே இறங்க வேண்டியதுதான். இளம்பரிதிக்குப் பதிலாக ஆடக் காரைக்குடியில் ஒருத்தர் தயாராக இருந்தார். திலகவதி சரி என்றுவிட்டாள்.

ஆளை நீக்குவதற்கு ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. "இதுவரை உடன் ஆடியதற்கு நன்றி" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு ஆளைத் தடுத்துவிடுவார்கள். கோழைத்தனம் என்று திலகவதிக்குப் பட்டது. மில்லில் ஒருத்தரை மெஷினை விட்டு மாற்றினால் அவள் முகத்துக்கு நேரே சொல்லித்தான் பழக்கம். அதனால் சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அவன் எண்ணுக்கு நேராகப் போன் போட்டாள். சாதாரணப் போனில் இதமி கிடையாது. திட்டுவதானால் திட்டட்டும், ஒரு தடவையாவது காதால் கேட்டுவிடலாம் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது.

முதல் முறை எடுக்கவில்லை. மறுமுறை கட் செய்தான். மூன்றாவது முறை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தான். மூச்சு மட்டும் கேட்டது. என்ன கொழுப்பு என்று அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் திலகவதி பேசறனுங்க. லைன்ல இருக்கறீங்களா இல்லையா?"

"அ... அ... அக்..."

சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று நினைத்து அவள் பஞ்சு கோடவுன் பக்கம் நடந்தாள்.

"அ... அக்கா. சொ... சொல்லுங்கக்கா."

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. திலகவதி நின்றுவிட்டாள். ஆறு மாதத்து இழுவையும் ஒரே நேரத்தில் அவள் முகத்தில் வந்து அறைந்தது.

"கண்ணு," என்றாள். வாங்க போங்க எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "சின்ன வயசுல இருந்தேவா?"

"ஆ... ஆமாங்க்கா. இ... இதமில போனா வராது. திட்டை எ... எடுக்குற மாதிரியே இதையும் எ... எடுத்துடுது. மொத நாள் ஆ... ஆடின வீடியோவைப் போட்டுக் கேட்டேன். எ... என் குரல்தான். ஆனா த... தண்ணி மாதிரிப் போகுது. அன்னைக்கு லீ... லீவு போட்டுட்டு அதையே கே... கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே போகவில்லை.

"எடுக்கறதுக்கு அதுக்கு நேரம் புடிக்குமில்ல. உன்ற பேச்சு எங்களுக்கு இழுவையோட வர்றது தெரியுமா கண்ணு?"

"எ... என் பேச்சுலயா?"

அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. எப்படித் தெரியும்? வீடியோவில் இழுவையை வெட்டி ஒட்டித்தான் தருவார்கள். தன் குரலைத் தானே நேரடியாகக் கேட்கும் வழியும் இல்லை.

"உ... உங்க பேச்சுலயும் ரெக்சன் பேச்சுலயும்தான் இழுவை வ... வரும். புது ஆளு, த... தப்புப் பண்றேன், தி... திட்டுறீங்கன்னு நினைச்சுப்பேன். அது ப... பழகிடுச்சுக்கா."

திலகவதிக்கு வெட்கமாக இருந்தது. வாழ்நாளில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள், எதற்கும் வெட்கப்பட்டதில்லை. மில்லில் திட்டு வாங்குகிறவன் முகத்தைப் பார்த்துத் திட்டுவாள். அளவு மிஞ்சினால் அந்த முகமே சொல்லிவிடும். இவனை முகம் பார்க்காமல், குரல் கேட்காமல், நோகாது என்ற தைரியத்தில் மாதக்கணக்காகத் திட்டியிருக்கிறாள். அவன் அதைப் புள்ளி புள்ளியாகப் பார்த்துக்கொண்டே அவளுக்கு மருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

"எ... என்னை எடுக்கறதுக்குத்தான் போ... போன் பண்ணீங்களாக்கா?"

"ஆமா கண்ணு. அதுக்குத்தான் பண்ணுனேன். இப்ப இல்லை."

"அ... அவங்ககிட்ட இதைச் சொ... சொல்லிடாதீங்க. நான் ந... நல்லாப் பேசுற இடம் அது ஒ... ஒண்ணுதான்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் சிக்கல் உறைத்தது. காரணத்தைச் சொன்னால் ரெக்சன் அந்த நிமிஷமே சமாதானமாகிவிடுவான். சொல்லாவிட்டால் ஆட வரமாட்டான். அவன் இல்லாமல் ஆட்டமும் இல்லை.

ஞாயிறு மாலை நாலு பேரும் கூடியதும் கேப்டன் ஓர் உத்தரவு போட்டாள்.

"இன்னைக்கு யாரும் கெட்ட வார்த்தை இல்லாம வாயைத் தொறக்கக் கூடாது. மொதல்ல ஒரு திட்டு, அதுக்கப்பறம் விஷயம். நல்லதைச் சொல்றதுன்னாலும் சரி."

"எக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றான் ரெக்சன்.

"எல்லாரும் திட்டுனா எல்லார் பேச்சும் இழுவையோட வரும். யார் திட்டறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்க வேண்டாம். எல்லாருந்தான் திட்டறோம். முடிஞ்சுது."

"அரை நொடி போச்சுன்னா எங் குதிரை செத்துரும்க்கா."

"அரை நொடி முன்னாடியே சொல்லு. இதுக்கு மேல காரணம் கேக்காத ரெக்சா. எனக்காக இன்னைக்கு ஒரு நாள் ஆடு. அப்பறமும் பிடிக்கலைன்னா நான் கேப்டனா இருக்கல."

அவன் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தான். முணுமுணுப்பு இழுவையோடு வந்தது. உத்தரவை உடனே நிறைவேற்றிய முதல் ஆள் அவன்தான்.

எதிரே ஓசூர் அணி. மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் சுற்று சந்தி சிரித்தது. ஷமீமாவுக்குத் திட்ட வரவில்லை. அவள் பேச்சு மட்டும் புள்ளி எரிந்த கையோடு கணீரென்று வந்துகொண்டிருந்தது.

"ஷமீமா, திட்டறயா இல்லையா?"

"திட்டினேங்க்கா. 'எருமை'ன்னேன்."

"எருமையெல்லாம் இதமி கணக்குல வராது கண்ணு. இன்னும் கொஞ்சம் கீழ எறங்கு. நான் நாலு சொல்றேன், புடிச்சுக்க."

நாலு சொன்னாள். மில்லின் அனுபவம் மொத்தமும் அந்த நாலில் இருந்தது. நாலும் ஷமீமாவின் காதில் "அன்பான தோழியே" என்று இறங்கின. ஆட்டத்துக்குள்ளேயே எழுதி அனுப்பலாம் என்றால் எழுத்தையும் இதமி பார்த்துத்தான் விடும். இந்தக் கூத்தில் கோட்டை போய்விட்டது. ஆனால் யாரோ சிரித்தார்கள். யாரென்று பார்த்தால் ரெக்சன். அவன் சிரிப்பதைக் கேட்டு ஷமீமாவுக்கும் வந்துவிட்டது. இளம்பரிதியின் பெயருக்குப் பக்கத்திலும் புள்ளி எரிந்து, அரை நொடி கழித்து ஒரு சிரிப்பு வந்து சேர்ந்தது. ஆறு மாதத்தில் நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் சுற்றில் ஷமீமா எதையோ கண்டுபிடித்துவிட்டாள். என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை. இழுவை மட்டும் சுத்தமாக வந்தது. நாலு பேர் பேச்சும் அரை நொடி பிந்தி வரவும், திலகவதி ஒன்றைக் கவனித்தாள். நடந்து முடிந்ததைப் பற்றிப் பேச நேரமே இல்லை. "ஏன் அங்க போனே" என்று கேட்டால், அது போய்ச் சேர்வதற்குள் போனவன் செத்துத் திரும்பி எழுந்திருப்பான். நடக்கப்போவதைச் சொன்னால்தான் சொன்னதற்குப் பலன். கோபம் வேறு முதல் வார்த்தையிலேயே செலவாகிவிடுவதால், பின்னால் வருவது வெறும் விஷயமாக இருந்தது.

"வடக்கு வாசலுக்கு ரெண்டு பேரு வரப் போறாங்க" என்றான் ரெக்சன்.

"அங்கே மருந்து வெச்சுட்டேன். அடுத்தது மேற்கு" என்றான் இளம்பரிதி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவன் முதல் நாளிலிருந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறான். ஒரு வார்த்தை வாயை விட்டு வெளியே வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டவன், எதையும் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுகிறான். மருந்து கேட்காமலே வந்த ரகசியம் இவ்வளவுதான்.

இரண்டாம் சுற்று இவர்களுக்கு வந்தது.

மூன்றாம் சுற்றின் நடுவில் ரெக்சன் தனியாக ஓடிப்போய்ப் பொறியில் விழுந்து செத்தான். சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. மற்ற நாளாக இருந்தால் ஆட்டம் அங்கேயே உடைந்திருக்கும். அவனுக்கு மூணு பேர் இழுவையும் வரும், அவனுடைய இழுவை மூணு பேருக்கும் போகும். இன்றைக்கும் மூன்று புள்ளிகள் எரிந்தன. அரை நொடி கழித்து மூன்று குரலும் வந்தன.

"குதிரைக்கு நான் வழி காக்கறேன்."

"கிழக்கு வாசல் காலியாகப் போகுது, அங்கே எழுந்திரிங்க."

"ரெக்சா, எழுந்ததும் என்ற பின்னாடி வா. கதவை ஒடைக்கறேன்."

அவன் வந்தான். கதவு உடைந்தது. ஓசூர்க்காரர்கள் பின்பக்கம் சுற்றி வருவதற்குள் தேர் கோட்டைக்குள் போய் நின்றுவிட்டது. முதல் பிரிவு பிழைத்துக்கொண்டது.

எல்லோரும் கத்தி ஓய்ந்து, இளம்பரிதி விடைபெற்றுப் போன பிறகு ரெக்சன் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"எக்கா, காரைக்குடிக்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிருங்க. நான் இன்னைக்கு யார் இழுவையையும் பாக்கல, பேச்சை மட்டும் கேட்டேன். அவம் பேச்சு பூராம் வேலைக்கான பேச்சால்லா இருக்கு. திட்டுனாத் திட்டிட்டுப் போட்டும், என்ன இப்போ?"

"அவர் திட்டலைன்னு சொல்லுங்க அக்கா" என்றாள் ஷமீமா மெதுவாக. "உங்களுக்கு ஏதோ தெரியும் போல இருக்குது."

நாக்கு நுனி வரை வந்ததைத் திலகவதி விழுங்கினாள். வாக்கு வாக்குதான். "எனக்கு ஒண்ணுந் தெரியாது கண்ணு. போய்ச் சாப்பிடுங்க" என்றாள். கேப்டன் பதவிக்கு வந்து அவள் சொன்ன முதல் பொய் அது. நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் பதினொரு மணி டீக்கு அவள் கூடத்தை விட்டு வெளியே வந்து நின்றபோது போன் அடித்தது. இளம்பரிதி. அவனாக யாருக்கும் போன் செய்கிறவன் அல்ல. அவள் டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பது என்று தயாராக எடுத்தாள்.

காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்ததும் ஒரு வார்த்தை வந்தது. அதை அச்சில் போட முடியாது. பதினைந்து வருஷம் மில்லில் இருந்த திலகவதியே அதை அதுவரை கேட்டதில்லை. அதைத் தொடர்ந்து, ஒரு தடங்கலும் இல்லாமல், அவனுடைய சொந்தக் குரலில் வந்தது:

"அக்கா, நான் இளம்பரிதி பேசுறேன். நேத்து நீங்க பிரமாதமா ஆடுனீங்க."

அவள் போனில் தெரிந்த பெயரை மறுபடி பார்த்தாள்.

"நே... நேத்து உத்தரவு போட்டீங்களேன்னு நா... நானும் திட்டிட்டு ஆரம்பிச்சேங்க்கா" என்றான். இப்போது திக்கியது. அவசரப்படாமல் திக்கினான். "மொத வா... வார்த்தை திட்டா இருந்தா, அடுத்த வரிக்குத் தி... திக்கலை. எ... எப்பவும் இல்லை. சில நேரம். நேத்து எங்கிட்டேருந்து இ... இதமி எடுத்தது பா... பாதி நேரம் வெறும் திட்டைத்தான்."

திலகவதிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. உள்ளே கதிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் அவளையே பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது.

"இன்னொருக்காச் சொல்லு கண்ணு" என்றாள்.

"எ... எதைக்கா? பி... பிரமாதமா ஆடுனீங்கன்னா?"

"மொதல்ல இருந்து சொல்லு."